தூக்கம் வராத இரவுகளும் அவற்றைப் பற்றிய அச்சமும்: நீண்டநாள் தூக்கமின்மையிலிருந்து மீளும் வழிமுறை

வாரத்துக்கு மூன்று இரவுகளாவது தூக்கம் வர மறுத்தோ, நடுவில் கலைந்த தூக்கம் திரும்பாமலோ, விடியலுக்கு வெகு முன்பே விழித்துக்கொண்டோ, அதனால் பகல் வேலையும் மனநிலையும் கெட்டு, இந்த நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. தேர்வுக்கு முந்தைய இரவிலும், வீட்டில் துக்கம் நேர்ந்த வாரத்திலும், கைக்குழந்தை அழும் மாதங்களிலும் தூக்கம் கெடுவது இந்தக் கணக்கில் சேராது. அங்கே காரணம் விலகியதும் தூக்கம் தானாகத் திரும்பிவிடும். காரணம் எப்போதோ விலகிய பிறகும் தூக்கம் திரும்பாதவர்களுக்காகவும், மாலை விளக்கு ஏற்றும் வேளையிலேயே 'இன்றைக்காவது தூங்குவேனா' என்ற கேள்வி வயிற்றைப் பிசையத் தொடங்குபவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

இத்தகையோர் பெரும்பாலும் எல்லாவற்றையும் செய்து பார்த்தவர்கள். சூடான பால், கசகசா, பாதத்தில் எண்ணெய், கைப்பேசியில் மழை ஓசை, ஒன்பது மணிக்கே விளக்கணைப்பது என ஒவ்வொன்றையும் நம்பிக்கையோடு தொடங்கி, சில நாள்களில் கைவிட்டு, கடைசியில் தங்கள் உடலிலேயே ஏதோ நிரந்தரமாகப் பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். அந்த முடிவு ஏறக்குறைய எப்போதுமே தவறானது. தூங்கும் திறன் அவர்களிடம் அப்படியே இருக்கிறது. தூங்கியே ஆக வேண்டும் என்ற முயற்சியும், தூங்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சமும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்படும் வழிமுறை, அந்த முயற்சியையும் அச்சத்தையும் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றியது.

தூக்கம் வரும் விதம்

எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதைவிட ஏன் செய்யச் சொல்கிறோம் என்பது விளங்கினால்தான், கடினமான வாரங்களில் மனம் தளராது. அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982இல் முன்வைத்த விளக்கம் இன்றும் தூக்க மருத்துவத்தின் அடிப்படையாக இருக்கிறது. அதன்படி தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடலில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் கூடிக்கொண்டு போவது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. மற்றொன்று, வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் உள்கடிகாரம். அழுத்தம் போதிய அளவு சேர்ந்து, கடிகாரமும் இரவு என்று அறிவிக்கும் வேளையில் தூக்கம் வருகிறது. இந்த இரண்டில் எதையும் மனத்தின் கட்டளையால் முடுக்க இயலாது.

சரியாகத் தூங்காதவர் இயல்பாகச் செய்வது என்ன? விட்டதைப் பிடிக்கலாம் என்று இரவு சீக்கிரம் படுக்கிறார்; காலையில் தாமதமாக எழுகிறார்; மதியம் சற்றுக் கண்ணயர்கிறார். சீக்கிரம் படுத்ததால் அழுத்தம் சேர நேரம் போதவில்லை. தாமதமாக எழுந்ததால் கடிகாரம் குழம்புகிறது. மதியத் தூக்கம் சேர்ந்திருந்த அழுத்தத்தில் ஒரு பங்கைக் கரைத்துவிடுகிறது. ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்குபவர், மீதி மூன்றரை மணி நேரத்தைப் புரண்டு படுப்பதிலும் கவலைப்படுவதிலும் கழிக்கிறார். இரவுக்கு இரவு இது தொடரும்போது, படுக்கை என்றாலே விழிப்பும் படபடப்பும் என்று மூளை பழகிவிடுகிறது. கூடத்தில் தொலைக்காட்சி முன் தலை சாய்ந்து தூங்கி வழிபவர், எழுந்து போய்ப் படுத்த மறுநிமிடமே முழு விழிப்பு அடைவது இதனால்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் தூக்கமின்மையின் காரணங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: பிறவியிலேயே அமைந்த எளிதில் விழிக்கும் இயல்பு, தூக்கத்தை முதலில் கெடுத்த நிகழ்வு, பிறகு அதை நீடிக்கச் செய்யும் பழக்கங்கள். முதலாவதை மாற்ற முடியாது. இரண்டாவது பெரும்பாலும் முடிந்துபோன ஒன்று. நம் கைக்கு எட்டுவது மூன்றாவது மட்டுமே என்பதால், நம் உழைப்பு முழுவதும் அங்கேதான் செல்ல வேண்டும். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி-ஐ என்று அழைக்கப்படுவது, இந்த எண்ணத்தின் மீது கட்டப்பட்டது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதையே முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க உள்மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் மறு ஆண்டில் அதையே சொன்னது. கீழே வரும் முறைகள் பெரும்பாலும் அந்தச் சிகிச்சையைச் சேர்ந்தவை.

தொடங்குமுன் ஒரு மருத்துவப் பரிசோதனை

பலத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால், அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. படுத்தவுடன் கால்களில் ஊர்வது போன்ற உணர்வும், காலை அசைத்தால்தான் தீரும் தவிப்பும் இருந்தால், உடலில் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, ஆறாத வலி, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெப்ப அலைகள், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். எதிலும் நாட்டமில்லாத நிலையும், விடியலுக்கு முன்பே விழித்துக் கனத்த மனத்தோடு கிடப்பதும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். இவற்றை மருத்துவரிடம் சொல்லித் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகு மேலே செல்வது நல்லது.

இரண்டு வாரக் குறிப்பேடு

முதல் வேலை, எதையும் மாற்றாமல் இரண்டு வாரங்களுக்குக் குறிப்பு எழுதுவது. காலையில் எழுந்து சற்று நேரம் கழித்து, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தோம், உத்தேசமாக எப்போது தூங்கினோம், இடையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம், கடைசியாக எப்போது விழித்தோம், எப்போது எழுந்தோம் என்பவற்றைத் தோராயமாகக் குறித்தால் போதும். துல்லியம் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரவில் மணி பார்ப்பதே இந்த நோய்க்குத் தீனி போடும் செயல். 'மணி இரண்டே கால், இனித் தூங்கினாலும் நான்கு மணி நேரம்தான்' என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கினால் அதன் பின் உடல் தளராது. சுவர்க் கடிகாரத்தைக் கண்ணுக்குப் படாமல் திருப்பி வைத்து, கைப்பேசியில் காலை எழுப்பும் மணியை வைத்துவிட்டு, அதைக் கைக்கெட்டாத இடத்தில் விட்டுவிட வேண்டும். தூக்கத்தை அளந்து மதிப்பெண் தரும் கைக்கடிகாரங்களையும் இந்தக் காலத்தில் கழற்றி வைப்பதே நலம். ஆழ்ந்த தூக்கம், மேலோட்டமான தூக்கம் என்று அவை பிரித்துக் காட்டுவது உத்தேசமே என்பது ஒருபுறமிருக்க, காலையில் அந்த எண்ணைப் பார்த்த பிறகு 'நன்றாக இருக்கிறேன்' என்று உணர்ந்தவர்கூடச் சோர்ந்துபோகிறார்.

இந்தக் குறிப்பேட்டில் ஓர் எதிர்பாராத நன்மையும் உண்டு. 'நான் தூங்குவதே இல்லை' என்று உறுதியாகச் சொல்பவர்களின் ஏட்டில் மோசமான இரவுகளுக்கிடையே ஓரளவு நல்ல இரவுகளும் தென்படும். தூக்கமின்மை உள்ளவர்கள் தாங்கள் தூங்கிய நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதைத் தூக்க ஆய்வுக்கூடங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. இரவுத் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, மேலோட்டமான இரண்டாம் நிலைத் தூக்கம். அதிலிருந்து எழுப்பப்படும் சிலர், தாம் விழித்தேதான் இருந்தோம் என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. தூக்கம் அவர்களுக்கு அப்படித்தான் உணரப்படுகிறது.

எழும் நேரத்தைக் கட்டுவது

எத்தனை மணிக்குத் தூங்குவோம் என்பது நம் கையில் இல்லை. எத்தனை மணிக்கு எழுவோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே எழும் நேரத்தை ஒன்றாக வரையறுத்து, இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும், அந்த நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். இந்த முழு வழிமுறையிலும் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், நான் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து வெயில் படும்படி இருப்பது உள்கடிகாரத்தை உறுதிப்படுத்தும். நம் ஊரில் காலை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வாசல் தெளிப்பதோ, பால் வாங்கப் போவதோ, மொட்டை மாடியில் நடப்பதோ போதும்.

படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவது

ஸ்பீல்மேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட இந்த முறை, கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் மிகுந்த பலன் தரும் முறைகளில் இதுவும் ஒன்று. எடுத்துக்காட்டாக, ஒருவர் இரவு 9.30க்குப் படுத்துக் காலை 6.30க்கு எழுகிறார், இரண்டு வாரக் குறிப்புப்படி அவர் சராசரியாகத் தூங்குவது ஐந்தரை மணி நேரம். படுக்கையில் கழித்த ஒன்பது மணி நேரத்தில் தூங்கியது சுமார் 61 விழுக்காடு. இவர் தன் எழும் நேரத்தைக் காலை 5.30 என்று வைத்துக்கொண்டு, தூங்கிய சராசரியோடு அரை மணி நேரம் கூட்டி, ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கலாம் என்று முடிவு செய்கிறார். அதாவது இரவு 11.30க்கு முன் அவர் படுக்கக் கூடாது.

முதல் வாரம் கடினமாக இருக்கும். மாலையில் கண் சொக்கும், எரிச்சல் வரும், இந்தக் கட்டுரையை எழுதியவர் மீது கோபமும் வரக்கூடும். ஆனால் அந்தச் சொக்கலே, பல மாதங்களாக அவருக்குக் கிட்டாமல் இருந்த தூக்க அழுத்தம். வார முடிவில் கணக்குப் பார்க்கிறார்: ஆறு மணி நேரத்தில் சராசரியாக 5 மணி 20 நிமிடம் தூங்கியிருந்தால், அது 89 விழுக்காடு. 85 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டி 11.15க்குப் படுக்கலாம். 80க்கும் 85க்கும் இடையில் இருந்தால் அதே நேரத்தைத் தொடர வேண்டும். 80க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். இப்படி வாரம் ஒருமுறை மட்டுமே மாற்றி, பகலில் புத்துணர்வோடு இருக்கப் போதுமான நேரம் கிடைக்கும்வரை நீட்டிக்கொண்டு போகலாம். கணக்குப் போட்டு எவ்வளவு குறைவாக வந்தாலும், படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே அதீத எழுச்சி நிலையைத் தூண்டிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டும். அவர்களும், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களும், சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், கீழே விழும் அபாயம் உள்ள முதியவர்களும் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பேருந்து, லாரி, ஆட்டோ ஓட்டுபவர்களும் இயந்திரங்களில் வேலை செய்பவர்களும் அப்படியே. மற்றவர்களும் முதல் சில வாரங்களில் கண் சொக்கும் நிலையில் இருசக்கர வாகனத்தை எடுக்கக் கூடாது. வாகனம் தவிர்க்க முடியாத நாளில், பிற்பகல் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண்ணயர்வது விதிமீறல் ஆகாது.

படுக்கையை மீண்டும் தூக்கத்துக்கு உரியதாக்குவது

ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த விதிகள் எளியவை. தூக்கம் வரும்போது மட்டுமே படுக்க வேண்டும். படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஏறக்குறைய இருபது நிமிடம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடம் போய், தூக்கம் வந்த பிறகே திரும்ப வேண்டும். மணி பார்க்காமல் அந்த இருபது நிமிடத்தை எப்படி அறிவது என்று கேட்கலாம். உடல் இறுகி, 'இன்னும் வரவில்லையே' என்ற எரிச்சல் எட்டிப் பார்க்கும் கணமே எழுவதற்கான கணம். அதற்குக் கடிகாரம் தேவையில்லை.

இங்கே களைப்பையும் தூக்கத்தையும் பிரித்தறியப் பழக வேண்டும். கை கால் ஓய்ந்து, வேலை செய்ய மனமில்லாமல் இருப்பது களைப்பு. இமை கனத்து, தலை தொங்கி, படித்த வரியையே மீண்டும் படிப்பது தூக்கம். நீண்டநாள் தூக்கமின்மை உள்ளவர்கள் பெரும்பாலும் களைப்போடு போய்ப் படுக்கிறார்கள், தூக்கத்தோடு படுப்பதில்லை.

'வேறு அறைக்குப் போங்கள்' என்று மேலைநாட்டு வழிகாட்டிகள் சொல்வது, ஒரே கூடத்தில் ஐந்து பேர் வரிசையாகப் படுக்கும் வீட்டில் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. விதியின் உட்பொருள் அறையில் இல்லை. விழித்திருக்கும் உடலைப் படுக்கும் இடத்திலிருந்து பிரிப்பதில் இருக்கிறது. சமையலறை வாசலில் ஒரு நாற்காலி, திண்ணை, மாடிப்படியின் கடைசிப் படி என எந்த இடமும் போதும். பகலிலேயே அந்த இடத்தைத் தீர்மானித்து, ஒரு சிறு விளக்கும், கொசுவுக்கு ஏற்பாடும், குடிக்கத் தண்ணீரும் வைத்துவிட்டால், நடு இரவில் யாரையும் எழுப்பாமல் அங்கே போய் உட்கார முடியும். பாயில் படுப்பவர்களுக்கு இதில் கட்டிலில் படுப்பவர்களைவிட வசதி அதிகம் என்றே சொல்வேன்: காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டால், பகல் முழுவதும் சாய்ந்து கிடப்பதற்கு வீட்டில் படுக்கை என்ற ஒன்றே இருக்காது. கட்டில் உள்ளவர்கள் விரிப்பை மடித்து வைத்து, அதில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் கைப்பேசி பார்ப்பதையும் விட்டாலே அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

எழுந்து உட்கார்ந்து என்ன செய்வது? காய்ந்த துணிகளை மடிக்கலாம். பழைய வார இதழைப் புரட்டலாம். தாழ்ந்த ஒலியில் வானொலி கேட்கலாம். பழக்கம் உள்ளவர்கள் ஜெபம் செய்யலாம். அலுவலக அஞ்சலும், வீட்டுச் செலவுக் கணக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவும் அந்த வேளைக்கு ஆகாதவை. இந்த வேலைகள் தூக்கத்தை வரவழைப்பதற்கான உத்திகளாக மாறிவிடவும் கூடாது. விழிப்பான நேரத்தைச் சற்று இதமாகக் கழிப்பதற்கே இவை.

அச்சத்தைக் கையாள்வது

இதுவரை சொன்னவை செய்யக்கூடிய செயல்கள். ஆனால் தூக்கமின்மையால் வாடுபவரை உண்மையில் நொறுக்குவது, அதைப் பற்றிய எண்ணங்கள். அந்த எண்ணங்கள் இரவு இரண்டு மணிக்கு மறுக்க முடியாத உண்மைகளாகத் தோன்றும். ஆகவே அவற்றைப் பகலில், காகிதத்தில் எழுதி வைத்து ஆராய வேண்டும்.

'எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் நாளை எதுவும் செய்ய முடியாது' என்பது அவற்றில் முதன்மையானது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ என்பது பொதுவான பரிந்துரை; எட்டு என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம் கிடையாது; வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும், இரவில் சில முறை விழிப்பதும் இயல்பு. இந்த எண்ணத்துக்குச் சிறந்த மறுமொழி அவரவர் கடந்த காலத்திலேயே இருக்கிறது. கடந்த மாதம் மோசமாகத் தூங்கிய இரவுகளுக்கு மறுநாள் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். சமைத்தீர்கள், வகுப்பு எடுத்தீர்கள், கடையைத் திறந்தீர்கள். கடினமாக இருந்தது, ஆனால் நடந்தது. அதோடு, நன்றாகத் தூங்கியும் எரிச்சலாகக் கழிந்த நாள்களையும் சேர்த்து எழுதினால், ஒரு நாளின் நன்மை தீமையெல்லாம் முந்தைய இரவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது தெரியவரும்.

'என் உடல் தூங்குவதையே மறந்துவிட்டது' என்பது இன்னொன்று. 1964 ஜனவரியில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த ரேண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது பதினொரு நாள், விழித்திருந்து முடித்தார். அதன்பின் முதல் தடவையில் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் தூங்கி எழுந்தார். விரைவிலேயே இயல்பான தூக்கத்துக்குத் திரும்பினார். யாரும் பின்பற்றக் கூடாத முயற்சி அது. ஆயினும் இழந்த தூக்கத்தை உடல் மணிக்கு மணி திருப்பிக் கேட்பதில்லை என்பதையும், முதலில் ஆழ்ந்த தூக்கத்தையே ஈடுசெய்துகொள்கிறது என்பதையும் அது காட்டியது. தூங்கும் திறன் அவ்வளவு எளிதில் அழிவதில்லை.

நள்ளிரவில் இணையத்தில் தேடுபவர்கள், உயிரைக் கொல்லும் தூக்கமின்மை என்று ஒரு நோயைப் பற்றிப் படித்துக் கலங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அது மூளையின் புரதக் கோளாற்றால் வரும், உலகில் மிகச் சில குடும்பங்களில் மரபுவழியாகத் தொடரும், மிகமிக அரிய நோய். நடை தடுமாற்றம், நினைவுக் குழப்பம் போன்ற வேறு பல நரம்பியல் அறிகுறிகளும் அதில் விரைவாகச் சேரும். உங்கள் தூக்கமின்மைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தூங்கப் போகும் நொடியில் உடல் திடுக்கிட்டுத் தூக்கிப் போடுவதும் இப்படியே பலரை அச்சுறுத்துகிறது. தூங்கும் மனிதரில் பெரும்பாலோருக்கு எப்போதாவது நேரும் தீங்கற்ற நிகழ்வு அது. சொல்லப்போனால், தூக்கத்தின் வாசல்வரை நீங்கள் வந்துவிட்டீர்கள் என்பதற்கு அது சான்று.

மாலை ஆறு அல்லது ஏழு மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, கவலைகளை எழுதித் தீர்ப்பது நல்ல பழக்கம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கவலையையும், வலப்பக்கம் அதற்கு நாளை செய்யக்கூடிய ஒரு சிறு செயலையும் எழுத வேண்டும். செய்வதற்கு ஒன்றும் இல்லாத கவலைக்கு 'இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை' என்றே எழுதிவிடலாம். இரவில் அதே எண்ணம் வந்தால், அதற்கு நாளை மாலை நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். முதல் சில நாள்களில் மனம் இதைக் கேட்காது. தொடர்ந்து செய்தால் கேட்கும்.

தூங்க வேண்டும் என்ற முனைப்பே விழிப்பாக மாறும் நிலைக்கு ஒரு நேரெதிர் முறை உண்டு. விளக்கை அணைத்துப் படுத்து, கண்களை மூடாமல், சும்மா விழித்திருக்கலாம் என்று முடிவு செய்துகொள்வது. எதையும் படிக்காமலும், எழுந்து நடக்காமலும், இமை கனக்கும்போது 'இன்னும் சற்று நேரம் விழித்திருப்போம்' என்று மென்மையாகச் சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும். சிபிடி-ஐ முறையில் இதற்கு நீண்டநாளாக இடம் உண்டு. காலின் எஸ்பி என்ற ஸ்காட்லாந்து உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தூங்கும் முயற்சியைக் கைவிட்டதும் அந்த முயற்சியோடு வந்த பதற்றமும் போய்விடுகிறது. மேலே சொன்ன எழுந்து போகும் விதியால் சிலருக்குப் பதற்றம் கூடுவதுண்டு. அவர்கள் இந்த முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

பகலில் எடுக்கும் முன்னெச்சரிக்கைகளையும் கவனிக்க வேண்டும். தூங்கவில்லை என்பதற்காக விடுப்பு எடுப்பது, உறவினர் வீட்டு விசேஷத்தைத் தவிர்ப்பது, ஊருக்குப் போனால் தூக்கம் கெடும் என்று பயணத்தை ரத்து செய்வது ஆகிய ஒவ்வொன்றும், தூக்கமின்மை ஆபத்தானது என்ற செய்தியை மூளைக்கு மீண்டும் அனுப்புகின்றன. சோர்வோடு என்றாலும் வழக்கமான நாளை வாழ்ந்து முடிப்பதே அந்தச் செய்தியை மாற்றி எழுதும் வழி. வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். 'ராத்திரி தூங்கினியா, கண்ணெல்லாம் சிவந்திருக்கே' என்று அம்மா கேட்பது அன்பினால்தான். ஆனால் தினமும் காலையில் கேட்கப்படும்போது, அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம் முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. 'இனி ஒரு மாதத்துக்கு என் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்' என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

உடலைத் தளர்த்துவதற்கு, எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி இன்றும் பயன்படுகிறது: பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வொரு தசைத் தொகுதியையும் சில நொடி இறுக்கி, பிறகு முழுமையாக விட்டுவிடுவது. இதைப் பகலில் பழகி, உடலுக்கு நன்கு பழக்கமான பிறகே இரவில் செய்ய வேண்டும்.

காப்பி, மது, வெப்பம்

காப்பியில் உள்ள கஃபைன், அடினோசின் வேலை செய்யும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கிறது என்று பொருள். தேநீரும் அளவில் குறைவே தவிர இதற்கு விலக்கல்ல. நண்பகலோடு நிறுத்திப் பார்க்கலாம். மது முதலில் மயக்கி, இரவின் பின்பாதியில் தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கும். புழுக்கமான ஊர்களில் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது, தோல் வழியாக உடலின் உள்வெப்பம் வெளியேற உதவும். இவையெல்லாம் துணை ஏற்பாடுகளே. நாள்பட்ட தூக்கமின்மையை இவற்றால் மட்டும் தீர்க்க முடிவதில்லை. இவற்றை மட்டும் அறிவுரையாகக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களின் சலிப்பு நியாயமானது.

தூக்க மாத்திரை

குறுகிய காலத்துக்கு, மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை எடுப்பதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. சிக்கல் வருவது, சில நாளுக்கு என்று எழுதிக் கொடுத்த அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடெம் போன்றவற்றைப் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தொடரும்போது. நாளடைவில் அதே அளவு போதாமல் போகும்; நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பும்; 'மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது' என்ற அச்சம் அதனால் உறுதிப்படும். நெடுநாள் எடுத்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரைகூடப் போகலாம் என்பதால், மருத்துவரோடு பேசி வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இந்த மாத்திரைகளோடு மது சேர்வது மூச்சையே நிறுத்தக்கூடியது. தூக்கம் வருகிறது என்பதற்காகச் சளி மாத்திரைகளைப் போடுவதும் சரியான வழி அல்ல. முதியவர்களுக்கு அவை குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும்.

எவ்வளவு காலம், யாரிடம் உதவி

சிபிடி-ஐ பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் நடைபெறும். முதல் இரண்டு வாரம் நிலைமை மோசமாகத் தெரிவது எதிர்பார்க்க வேண்டியதே. பலனை இரவுக்கு இரவு மதிப்பிடாமல், வாரச் சராசரியைக் கொண்டு மட்டும் மதிப்பிட வேண்டும். எல்லாம் சீரான பிறகும், காய்ச்சலிலோ, வேலை நெருக்கடியிலோ, பயணத்திலோ சில மோசமான இரவுகள் வரும். அப்போது சீக்கிரம் படுக்கத் தோன்றும். மதியம் கண்ணயரத் தோன்றும். அந்த இரண்டையும் செய்யாமல், எழும் நேரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால், அந்த இரவுகள் மீண்டும் மாதங்களாக நீள்வதைத் தவிர்க்கலாம்.

தனியாகச் செய்வது கடினமாக இருந்தால், மனநல மருத்துவரையோ, மருத்துவ உளவியலாளரையோ அணுகலாம்; தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஆங்கிலம் படிக்க வருபவர்கள், அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை வெளியிட்ட இன்சோம்னியா கோச் என்னும் இலவசக் கைப்பேசிச் செயலியில் குறிப்பேட்டையும் வாரக் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். தூக்கமில்லாத இரவுகளில் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால், ஆறு வாரத் திட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அருகில் இருப்பவரை உடனே எழுப்புங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ இரவு பகல் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.